அலிக்கும் டைசனுக்கும் நடுவே மறைந்துபோன வெற்றியாளர்: லாரி ஹோம்ஸின் இடம் எது?



ஹெவிவெயிட் குத்துச்சண்டை என்றவுடன் நம்மில் பலருக்கும் நினைவுக்கு வருபவை இரண்டு பெயர்கள். ஒன்று முகமது அலி, மற்றொன்று மைக் டைசன். 1975ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் தேதி கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் ஜோ பக்னருடன் மோதியவர் என்பதால் அலி நம் நாட்டு மூத்தவர்களுக்கு நெருக்கமானவர். டைசனைத் தொலைக்காட்சி வீடு வீடாகக் கொண்டுவந்து சேர்த்தது. ஆனால், இந்த இருவருக்கும் இடைப்பட்ட காலத்தில், 1978 முதல் 1985 வரை, ஏழு ஆண்டுகளுக்கு மேல் உலக வெற்றியாளராக இருந்தவரை எத்தனை பேருக்குத் தெரியும்?

அவர் பெயர் லாரி ஹோம்ஸ். வரலாற்றில் அவருக்கு எந்த இடத்தைக் கொடுப்பது? இன்று நாம் அலசப் போகும் கேள்வி இதுதான்.

1949இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், 12 பிள்ளைகள் கொண்ட ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர் ஹோம்ஸ். பென்சில்வேனியா மாநிலத்தின் ஈஸ்டன் நகரில் வளர்ந்தார். 13 வயதிலேயே பள்ளிப் படிப்பை விட்டு, கார் கழுவும் வேலைக்குப் போனார். பிறகு குத்துச்சண்டைக்கு வந்து, அலியின் பயிற்சி முகாமில் அவரோடு மோதிப் பழகும் ஆளாகச் சேர்ந்தார். அதனால் ஏற்பட்ட விளைவு என்ன தெரியுமா? "இவர் அலியின் நகல்" என்ற முத்திரை அவர்மீது விழுந்தது.

அந்த முத்திரையோடுதான் 1978 ஜூன் 9ஆம் தேதி கென் நார்ட்டனைச் சந்தித்தார். இந்த நார்ட்டன் 1973இல் அலியையே தோற்கடித்தவர். ஹோம்ஸின் இடது கையிலோ காயம். 14 சுற்றுகள் முடிந்தபோது மூன்று நடுவர்களின் கணக்கிலும் இருவரும் சமநிலையில் இருந்தனர். பதினைந்தாவது சுற்றில் இருவரும் மாறி மாறிக் குத்திக்கொண்டார்கள். நடுவர்களில் இருவர் அந்தச் சுற்றை ஹோம்ஸுக்குக் கொடுக்க, பட்டம் அவர் வசமானது.

அதற்குப் பிறகு உலகப் பட்டத்தை அவர் 20 முறை தற்காத்தார். ஹெவிவெயிட் வரலாற்றில் இதைவிட அதிக முறை தொடர்ச்சியாக, அதாவது 25 முறை, பட்டத்தைத் தற்காத்தவர் ஜோ லூயிஸ் ஒருவர்தான்.

"எண்ணிக்கை சரி, ஆனால் மோதியவர்கள் எல்லாம் சாதாரண ஆட்கள்தானே?" என்று கேட்பவர்கள் உண்டு. இந்தக் குற்றச்சாட்டைக் கொஞ்சம் பரிசோதித்துப் பார்ப்போம். மைக் வீவர், டிரெவர் பெர்பிக், டிம் விதர்ஸ்பூன், ஜேம்ஸ் ஸ்மித். இந்த நால்வரும் ஹோம்ஸிடம் தோற்றவர்கள். நால்வரும் பின்னாளில் உலகப் பட்டம் வென்றவர்கள்! வெற்றியாளராகும் தகுதி படைத்தவர்களை முன்கூட்டியே வென்றதால், அந்த வெற்றிகளின் அருமை அப்போது யாருக்கும் தெரியவில்லை.

அதே வேளையில், எதிர்த்தரப்பு நியாயத்தையும் மறைக்கக்கூடாது. அவர் காலத்தில் பட்டங்கள் வெவ்வேறு அமைப்புகளிடம் பிரிந்து கிடந்தன. மற்றோர் அமைப்பின் வெற்றியாளரோடு மோதி, பட்டங்களை ஒன்றாக்க ஹோம்ஸால் முடியவில்லை. மயிரிழையில் வென்ற விதர்ஸ்பூனுக்கு மறுவாய்ப்பும் கொடுக்கவில்லை. இவை குறைகள்தாம்.

ஆனால், மக்கள் அவரை நேசிக்காததற்குக் காரணம் இவை அல்ல. 1980 அக்டோபர் 2ஆம் தேதி லாஸ் வேகாஸில் அவர் அலியை எதிர்த்தார். அலிக்கு வயது 38. இரண்டு ஆண்டுகள் மேடை ஏறாதவர். பத்துச் சுற்றுகள் வரை ஒருதலைப்பட்சமான சண்டை. அலியின் தரப்பே போதும் என்று நிறுத்தியது. தன் குருநாதர் போன்றவரை அடித்த வேதனையில் வென்றவரே கண்ணீர் விட்டார். தோற்றிருந்தால் "நகல்" என்றிருப்பார்கள். வென்றதற்கோ, "முதியவரை அடித்தவர்" என்றார்கள். என்ன செய்தாலும் பழி!

1982இல் ஜெர்ரி கூனியுடன் மோதியபோது அமெரிக்காவின் நிறவெறியும் மேடையேறியது. வெற்றியாளரைக் கடைசியில் அறிமுகப்படுத்துவதுதான் மரபு. அன்று கறுப்பினத்தவரான ஹோம்ஸை முதலில் அறிவித்துவிட்டு, சவால் விடுத்த வெள்ளையரான கூனியைக் கடைசியில் அறிவித்தார்கள். ஹோம்ஸ் 13ஆவது சுற்றில் பதில் சொன்னார்.

பிறகு வந்தது 1985 செப்டம்பர் 21. அதுவரை 48 சண்டைகள், 48 வெற்றிகள். இன்னும் ஒன்று வென்றால் ராக்கி மார்சியானோவின் 49 வெற்றிச் சாதனையைச் சமன் செய்யலாம். மைக்கல் ஸ்பிங்ஸ் குறுக்கே வந்தார். இரண்டு நடுவர்களின் கணக்கில் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஹோம்ஸ் தோற்றார். ஆத்திரத்தில் மறைந்த மார்சியானோவை இழிவாகப் பேசி, இருந்த கொஞ்ச மரியாதையையும் கெடுத்துக்கொண்டார்.

நேயர்களே, இங்கேதான் நாம் நிதானமாகச் சிந்திக்க வேண்டும். மார்சியானோ 32 வயதில் ஓய்வு பெற்றார். ஹோம்ஸ் தோற்றபோது அவருக்கு 36 வயது நெருங்கிக்கொண்டிருந்தது. மார்சியானோ பட்டத்தைத் தற்காத்தது ஆறு முறை, ஹோம்ஸ் 20 முறை. தோல்வியே இல்லாதவர் என்பது பெருமைதான். ஆனால், எப்போது விலகினார் என்பதும் அந்தப் பெருமைக்குள் அடங்கியிருக்கிறது அல்லவா?

1988இல் 38 வயது ஹோம்ஸை 21 வயது டைசன் நான்காவது சுற்றில் வீழ்த்தினார். பலர் மனத்தில் தங்கிவிட்ட காட்சி அது ஒன்றுதான். 75 சண்டைகளில் அவர் முடியும்வரை நிற்க முடியாமல் போனது அந்த ஒரு முறைதான் என்பதை யாரும் சொல்வதில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து, 42 வயதில், ஒலிம்பிக் தங்கம் வென்ற ரே மெர்சரைப் புள்ளிகளில் தோற்கடித்தார் என்பதையும் சொல்வதில்லை.

என் கணிப்பு இதுதான். அலிக்கும் லூயிஸுக்கும் அடுத்து, மூன்றாவது இடம் லாரி ஹோம்ஸுக்கு உரியது. மார்சியானோவும் ஜார்ஜ் ஃபோர்மனும் அவருக்குப் பின்னால்தான்.

நம் வீடுகளிலும் இது நடப்பதுதான். அக்காள் தேர்வில் பெயர் வாங்கிவிட்டால், தம்பி வாங்கும் மதிப்பெண்ணை யாரும் அதன் அளவில் பார்ப்பதில்லை. "அக்காள் மாதிரி வருமா?" என்பதே பேச்சு. ஹோம்ஸுக்கு நடந்ததும் அதுதான். முன்னால் வந்தவரின் புகழை வைத்தும் பின்னால் வந்தவரின் வேகத்தை வைத்தும் அவரை அளந்தார்கள். அவர் செய்ததை வைத்து அளந்தால் கணக்கு வேறாக வருகிறது.

மூன்றாவது இடம் அதிகம் என்கிறீர்களா? அப்படியானால் அங்கே யாரை வைப்பீர்கள், ஏன் என்று காரணத்தோடு சொல்லுங்கள். பேசுவோம்.