கத்திக்கு முன் செல்லும் கண்

நோய் இன்னதென்று அறிவது ஒன்று. அது எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று அறிவது மற்றொன்று. முன்னதைக் காட்டிலும் பின்னதே அரிது. மலக்குடலில் தோன்றும் புற்றுநோயின் வரலாறு இவ்வுண்மையை நன்கு விளக்கும். நாலு பேர் நடுவே பேசக் கூசும் உறுப்பு அது. என் தாய்மாமன் ஒருவர் இரத்தப் போக்கை வெறும் மூலம் என்று எண்ணிப் பல மாதங்கள் மறைத்து வைத்திருந்தார். அந்தக் கூச்சமே பலருக்கு எமனாக முடிவதால், இன்று அதைப் பற்றியே பேச எண்ணுகிறேன்.

1908-ஆம் ஆண்டில் லண்டன் அறுவை மருத்துவர் எர்னஸ்ட் மைல்ஸ் ஒரு புதிய முறையை வெளியிட்டார். வயிற்றின் வழியாகவும் கீழ்ப்புறமாகவும் அறுத்து, மலக்குடலை அடியோடு அகற்றுவது அம்முறை. பிழைத்தவர் தம் வாழ்நாள் முழுவதும் வயிற்றில் அமைத்த துவாரத்தின் வழியே மலம் கழிக்க வேண்டியவரானார். உயிருக்கு அவர் கொடுத்த விலை அது. அவ்விலை எல்லாருக்கும் தேவைதானா, கொடுத்த பின்னராவது உயிர் நிலைக்குமா என்று முன்கூட்டிச் சொல்ல அன்று வழியில்லை.

1932-இல் லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையின் நோய்க்கூற்று அறிஞர் கத்பர்ட் டியூக்ஸ் இந்நோயை மூன்று படிகளாக வகுத்தார். குடற்சுவருக்குள் அடங்கியிருந்தால் ஏ. சுவரைக் கடந்திருந்தால் பி. நிணக்கணுக்களை எட்டியிருந்தால் சி. எளிமையும் தெளிவும் வாய்ந்த பாகுபாடுதான். ஆனால் அறுத்தெடுத்த குடலை ஆராய்ந்த பின்னரே அப்படியைச் சொல்ல முடியும். ஆற்றைக் கடந்து வந்த பிறகு ஆழம் கேட்டறிந்த கதைதான்!

உடலைத் திறவாமலே உள்ளே பார்க்கும் வித்தை 1895-இல் ராண்ட்ஜன் கண்ட எக்ஸ் கதிரோடு தொடங்கியது. எனினும் அது காட்டியது நிழலையே. எலும்பு தெரிந்தது; மென்மையான தசை தெரியவில்லை. பேரியம் கரைசலைச் செலுத்திப் படமெடுத்தபோதும் குடலின் உட்புற வடிவமே புலப்பட்டது. சுவருக்கு அப்பால் நடப்பது மறைந்தே இருந்தது.

1971-இல் ஹவுன்ஸ்பீல்டு என்ற ஆங்கிலப் பொறியியலாளர் உருவாக்கிய சி.டி. ஸ்கேன் முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளையைப் படமெடுத்தது. உடலைக் குறுக்குத் துண்டுகளாகக் காட்டும் இக்கருவி, பின்னர் கல்லீரலுக்கும் நுரையீரலுக்கும் பரவிய நோயைக் கண்டுபிடிப்பதில் கைதேர்ந்ததாயிற்று. ஆனால் குடற்சுவரின் மெல்லிய அடுக்குகளை அதனால் பிரித்துக் காட்ட இயலவில்லை. அக்குறையை, மலவாய் வழியே நுழைக்கப்படும் ஒலியலைக் கருவி நிரப்பியது. தொடக்க நிலைக் கட்டி எந்த அடுக்குவரை இறங்கியிருக்கிறது என்பதை அது காட்டும். தொலைவில் உள்ளதைக் காட்டாது.

இதற்கிடையே அறுவை மருத்துவத்திலும் ஒரு தெளிவு பிறந்தது. மலக்குடலைச் சுற்றிக் கொழுப்பும் அதன்மேல் மெல்லிய உறையும் உண்டு. அவ்வுறை கிழியாமல் அனைத்தையும் முழுமையாக எடுக்க வேண்டும் என்று பேசிங்ஸ்டோக் நகரின் பில் ஹீல்டு 1982-இல் எடுத்துரைத்தார். அறுத்தெடுத்த பகுதியின் விளிம்பில் நோயணு இருந்தால், அதே இடத்தில் நோய் மீண்டும் தலைகாட்டும் என்பதை லீட்ஸ் நகரின் பிலிப் குவிர்க் முதலானோர் 1986-இல் காட்டினர். ஆகவே, கட்டிக்கும் உறைக்கும் இடையே எவ்வளவு இடைவெளி என்பதே உயிர்நிலையான வினாவாயிற்று. ஒரு மில்லிமீட்டரில் ஒரு மனிதனின் எதிர்காலம் அடங்கியிருந்தது!

அவ்வினாவுக்கு விடை தந்தது எம்.ஆர்.ஐ. 1973-இல் லாட்டர்பர் வெளியிட்ட முதற் படத்திலிருந்து வளர்ந்த இம்முறை, காந்தப் புலத்தில் நம் உடல்நீரின் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் தரும் குறிகளைப் படமாக்குவது. ஐரோப்பாவில் 408 நோயாளிகளிடம் நடந்த மெர்க்குரி ஆய்வு 2006-இல் வெளிவந்தது. விளிம்பு தூயதாக அமையுமா என்பதை அறுவைக்கு முன்பே எம்.ஆர்.ஐ. பெரும்பாலும் சரியாகச் சொல்லும் என்பதை அது மெய்ப்பித்தது.

உருவத்தைக் காண்பதோடு உயிரணுவின் செயலையும் காணும் முயற்சி பெட் ஸ்கேன். புற்றணு சர்க்கரையை மிகுதியாக உண்ணும். கதிரியக்கம் ஊட்டிய சர்க்கரையைச் செலுத்தினால் அது சேரும் இடம் ஒளிரும். ஒளிர்வது எந்த உறுப்பு என்று காட்ட, பெட்டையும் சி.டி.யையும் ஒரே கருவியில் இணைத்த முதல் மாதிரி 1998-இல் பிட்ஸ்பர்க் நகரில் இயங்கத் தொடங்கியது. எல்லா நோயாளிக்கும் இது தேவையில்லை. ஐயம் எழும் இடத்தில் கைகொடுக்கும்.

வழக்கில் ஒரே சாட்சியை நம்பித் தீர்ப்புச் சொல்வதில்லை அல்லவா? இங்கும் அப்படியே. சுவரின் ஆழத்துக்கு ஒலியலை சாட்சி. உறையின் விளிம்புக்கு எம்.ஆர்.ஐ.; தொலைவுக்குச் சி.டி.; ஐயத்துக்குப் பெட். இச்சாட்சிகளும் பிழை செய்வதுண்டு. சிறிய நிணக்கணுவில் நோய் ஒளிந்திருக்கும். பெரிய கணு வெறும் வீக்கமாயிருக்கும். கதிர்ச் சிகிச்சைக்குப் பின் எஞ்சுவது தழும்பா, கட்டியா என்று மயங்கவும் நேரும். ஆதலால் படங்களைச் சேர்த்து வைத்துப் பல துறை மருத்துவர் ஒன்றுகூடி ஆராய்ந்தே முடிவு செய்கின்றனர்.

என் மாமனின் எம்.ஆர்.ஐ. படத்தில் கட்டி உறையைத் தொடும் நிலையில் இருந்தது. உடனே கத்தி எடுத்திருந்தால் நோயின் வேர் உள்ளே தங்கியிருக்கக்கூடும். முதலில் கதிரும் மருந்தும் கொடுத்து, கட்டி சுருங்கி விலகியதை மீண்டும் படத்தில் கண்ட பின்னரே அறுத்தார்கள். இயற்கை வழியும் காக்கப்பட்டது. அவரைக் காணும்போதெல்லாம் டியூக்ஸை நினைத்துக்கொள்கிறேன். அந்த அறிஞர் அறுத்தெடுத்த குடலில் தேடிய விடையை, இன்று நாம் அறுக்குமுன் தேடுகிறோம். ஆனால் எவ்வளவு கூரிய கண்ணும், நோயாளி கூச்சத்தை விட்டு வாய் திறந்த பின்னரே பார்க்கத் தொடங்கும். அதை நாம் மறவாதிருப்போமாக.