கித்தா மரத்து மங்கு

தோட்டத்தில் பிறந்த நம்மவர்க்கு மங்கு இன்னதென்று விளக்க வேண்டியதில்லை. 'மங்கோக்' என்னும் மலாய்ச் சொல்லே நம் வாயில் மங்கு ஆயிற்று. ஆயினும், என் பள்ளி மேசைமேல் இருக்கும் மண் மங்கினைக் கண்டு ஒரு மாணவன், "ஐயா, இது பூச்சட்டியா?" என்று கேட்டான். பிளாஸ்டிக் மங்கு மட்டுமே கண்டு வளர்ந்தவன், அவன்மீது குற்றமில்லை. எழுதி வைக்காதது நம் குற்றமே.

1877இல் 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றுள் 9 கோலகங்சாரில் நடப்பட்டன. 1888இல் சிங்கப்பூர்ப் பூந்தோட்டத்தின் தலைவராக வந்த ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பட்டையை மெல்லச் சீவிப் பாலெடுக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். இவ்வளவும் பாடநூலில் உண்டு. அந்தப் பாலை ஏந்திய கலத்தைப் பற்றி அங்கே ஒரு வரியும் இல்லை.

தொடக்கத்தில் சிரட்டை, தகரம், கண்ணாடி எல்லாம் பயன்பட்டன. தகரம் துருப்பிடித்தது, கண்ணாடி உடைந்தது. மண் கலம் இருக்கவே இருக்கிறது என்று தோன்றலாம். ஆனால் நம் குயவர் வனையும் பானை நுண்துளை உடையது. அத்துளைகளில் கசியும் நீரே பானைத் தண்ணீரைக் குளிர வைக்கிறது. ரப்பர்ப் பாலுக்கோ அக்குணமே கேடு. துளைக்குள் தங்கிய பழம்பாலில் நுண்கிருமிகள் பெருகும். உறைமோர் ஒட்டிய சட்டியில் ஊற்றிய பசும்பால் போல, மறுநாள் பால் நேரத்துக்கு முன்பே திரிந்து போகும். மங்கில் காய்ந்த பாலும் சுவரைக் கவ்விக்கொண்டு உரிய மறுக்கும். ஆகவே மங்குக்கு உயிர் அதன் உட்புறத்துக் கண்ணாடிப் பூச்சே.

அப்பூச்சினை நன்கறிந்தவர் சீனக் குயவர். சிங்கப்பூரின் ஜூரோங் பகுதியில் நல்ல களிமண் கிடைத்தது. அங்கே சரிவான நிலத்தில் நீண்டு படுத்த டிராகன் சூளைகளை எழுப்பினர். இன்று எஞ்சியுள்ள இரண்டுள், தௌ குவாங் சூளை 1940இல் தோன்றியது. குவான் ஹுவாட் 1958இல். தண்ணீர்ச் சாடி, பூச்சட்டி ஆகியவற்றோடு ரப்பர் மங்குகளும் அங்கே வெந்தன. சாம்பலையும் களிமண்ணையும் நீரில் கரைத்த குழம்பில், காய்ந்த மங்கினைத் தோய்த்து எடுப்பர். 1200 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடேறும்போது சாம்பல் மண்ணை இளக்கிக் கண்ணாடியாக்கிவிடும். அடியில் மட்டும் பூச்சு படக்கூடாது. பட்டால் கலம் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். தீயைக் கீழ்வாயில் மூட்டி, பின் பக்கத் துளைகள் வழியாக விறகிட்டு மேல்நோக்கி நகர்த்துவர். பொறுமை வேண்டும் தொழில்.

விடியுமுன் என் தாயார் நிரையில் இறங்கி, மரத்துக்கு மரம் மங்கினை எடுத்து, காய்ந்த பாலை ஒரே இழுப்பில் உரித்துவிட்டுக் கவிழ்த்துத் துடைப்பார். அந்த ஒரே இழுப்பு எங்கோ ஒரு சூளையில் சீனர் ஒருவர் செய்து வைத்த உதவி என்பதை அவர் அறியார். தம் கலம் யார் கைக்குப் போயிற்று என்பதை அக்குயவரும் அறிந்திரார். சீனரை ஈயச் சுரங்கத்திலும் நம்மை ரப்பர்த் தோட்டத்திலும் தனித்தனியே நிறுத்திக் கற்பிக்கும் பாடத்தை, இந்தச் சிறு கலம் ஒப்புவதில்லை.

மாணவனிடம் மங்கினைக் கவிழ்த்துக் காட்டினேன். பூச்சு முடியும் விளிம்பில் மூன்று மழுங்கிய பள்ளங்கள். தோய்க்கும்போது பிடித்திருந்த விரல்களின் தடம். அவன் தன் விரல்களை அவற்றில் பொருத்திப் பார்த்தான், சிறியவையாக இருந்தன.