பாசி எடுக்கும் பெண்கள் (மன்னார் வளைகுடா)

இராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில் கடற்பாசி சேகரித்து வாழும் மீனவப் பெண்கள். கரையில் மீன் விற்பதும் கருவாடு காயவைப்பதும் பெண்கள் வேலை, கடல் ஆண்களுடையது என்ற வழக்கத்தை இவர்கள் மாற்றினார்கள். 1960களில் அகர், அல்ஜினேட் ஆலைகளுக்குப் பாசி தேவைப்பட்டதும் பாம்பன் சின்னப்பாலம் போன்ற ஊர்களிலிருந்து வள்ளமேறித் தீவுப் பக்கம் போய் மூழ்கத் தொடங்கினர். ஆக்சிஜன் உருளை கிடையாது. கண்ணாடி, இடுப்பில் கட்டிய வலைப்பை, பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் சுற்றிய துணி, இவ்வளவுதான். மூச்சடக்கி இறங்கி மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை, கஞ்சிப்பாசி ஆகியவற்றைப் பிடுங்கி வருகிறார்கள்.

1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டதும் பழகிய இடத்தில் பாசி எடுப்பது குற்றமானது. வழக்குக்கும் அபராதத்துக்கும் அஞ்சியபடியே தொழில் தொடர்ந்தது. பெண்கள் தாமே கூடிப் பேசி, மாதத்தில் 12 நாள் மட்டும் எடுப்பதென்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டனர். இப்பெண்களின் தலைவிகளில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015இல் தீவுச் சூழல் காப்புக்கான சீகாலஜி விருது கிடைத்தது.

2000க்குப் பின் மகளிர் குழுக்கள் மூங்கில் மிதவைகளில் கப்பாபைகஸ் என்ற அயல்பாசியை வளர்க்கத் தொடங்கின. சுமார் 45 நாளில் அறுவடை. நீர் சூடேறினால் பயிர் அழுகிவிடும். இந்தப் பாசி குருசடைத் தீவுப் பவளங்களில் படர்ந்ததும் பதிவாகியுள்ளது. வளர்ப்பை ஊக்குவிக்கும் அரசு, மூழ்கிப் பாசி எடுப்பவர்களையும் மீனவர்களாக ஏற்று உரிமை வழங்குவதே நியாயம்.