ஸ்வரம் வரும், சாரீரம் வருமா?

பீரோவைச் சுத்தம் பண்ணப் போன இடத்துல, 2013 கடைசியில வாங்கின ஐபேட் ஏர் ஒண்ணு கையில ஆப்டுச்சு. ஆசையா சார்ஜ் போட்டேன். அதுக்குள்ள ஒரு பாட்டு இருக்கு மக்களே. எங்க அம்மா முணுமுணுக்கற ஒரு தாலாட்டை அவங்களையே பாட வச்சுப் பதிவு பண்ணி, அடியில தம்புரா, மேல புல்லாங்குழல்னு சேர்த்து ஒப்பேத்தினது. அம்மா இப்போ இல்லை. செயலியைத் தொட்டா, அதை உருவாக்கினவங்க புதுப்பிச்சாதான் ஓடும்னு ஒரு செய்தி. அவ்வளவுதான், திறக்கல.

காரணம் இதுதான். 2017-ல வந்த ஐஓஎஸ் 11, பழைய 32 பிட் செயலிகளை மொத்தமா ஓரங்கட்டிடுச்சு. செயலியை எழுதினவங்க கடையைக் கட்டிட்டுப் போயிருந்தா, அதுல பண்ணின பாட்டும் அதோட போச்சு.

ஒரு இடத்துல பண்ணின பாட்டை இன்னொரு இடத்துக்குத் தூக்கிட்டுப் போறது ஏன் இவ்வளவு பெரிய பாடு? கொசுவர்த்தியைக் கொஞ்சம் சுத்துவோம்.

1983 ஜனவரி. கலிஃபோர்னியாவுல நடந்த 'நாம்' இசைக்கருவிக் கண்காட்சியில ரெண்டு சிந்தசைசரை ஒரு கேபிள் போட்டு இணைச்சாங்க. ஒண்ணு டேவ் ஸ்மித்தோட சீக்வென்ஷியல் நிறுவனம் செஞ்ச ப்ராஃபெட்-600, இன்னொண்ணு ஜப்பான்காரங்க ரோலண்ட் செஞ்ச ஜூபிடர்-6. இதுல வாசிச்சா அது பாடுச்சு. போட்டிக் கம்பெனிங்க ஒரே மொழி பேச ஆரம்பிச்ச நாள் அது. அந்த மொழிதான் மிடி. இதுக்காக டேவ் ஸ்மித்துக்கும் ரோலண்டை ஆரம்பிச்ச இகுதாரோ ககேஹாஷிக்கும் 2013-ல தொழில்நுட்ப கிராமி விருது கொடுத்தாங்க.

இங்க ஒரு நுணுக்கம் இருக்கு. மிடி கேபிள்ல சத்தம் போறதே இல்லை. எந்தக் கட்டை, எவ்வளவு அழுத்தம், எப்போ விட்டாங்க, இந்தத் தகவல் மட்டும்தான் 0-லேர்ந்து 127 வரைக்குமான எண்களாப் போகும். நம்ம பாஷையில சொன்னா, ஸ்வரக் குறிப்பு போகும், சாரீரம் போகாது. 1988-ல இதையே கோப்பாச் சேமிக்க ஒரு பொது வடிவம் வந்துச்சு. இன்னிக்கும் உங்க கம்ப்யூட்டர்ல இருக்கற .மிட் கோப்பு அதேதான்.

அப்புறம் கம்ப்யூட்டரே ஸ்டூடியோ ஆச்சு. 1996-ல ஸ்டெய்ன்பெர்க் க்யூபேஸுக்குள்ள ப்ளகின்னு ஒண்ணைக் கொண்டு வந்தாங்க. எக்கோ, ரிவெர்ப் எல்லாம் மென்பொருளா மாறிச்சு. 1999-லேர்ந்து வாத்தியங்களே ப்ளகினா வந்துச்சு. ஏக வசதி. ஆனா சிக்கலும் இங்கதான் ஆரம்பம். பாட்டோட சாரீரம் முழுக்க அந்த ப்ளகின்ல மாட்டிக்கிச்சு. வீடு மாத்தறப்போ சாமான் சட்டி எல்லாம் வண்டியில ஏறும், சுவத்துல பதிச்ச அலமாரி ஏறுமா? அந்தக் கதை. 2002-ல ஆப்பிள், லாஜிக் மென்பொருளைச் செஞ்ச இமேஜிக் கம்பெனியை வாங்கி, விண்டோஸ் பதிப்பை நிறுத்தினப்போ, விண்டோஸ்ல லாஜிக் வச்சிருந்தவங்க நடுத்தெருவுல நின்னாங்க.

2010-ல ஐபேட் வந்துச்சு. அந்த வருஷமே கொரில்லாஸ் குழுவோட டேமன் ஆல்பர்ன், அமெரிக்கச் சுற்றுப்பயணத்துல பெரும்பாலும் ஐபேடை வச்சே 'த ஃபால்' ஆல்பத்தைப் பண்ணி, கிறிஸ்துமஸ் அன்னிக்கு வெளியிட்டார். 2011-ல ஐபேடுக்கு காரேஜ்பேண்ட், 2012 டிசம்பர்ல ஸ்டெய்ன்பெர்கோட க்யூபேசிஸ். ரெண்டுலயும் ஆரம்பத்துல ஒருவழிப் பாதைதான். ஐபேட்ல பண்ணினதை கம்ப்யூட்டர்ல திறக்கலாம். அங்கேர்ந்து இங்க வர முடியாது. குட்டி வீட்டுச் சாமான் பெரிய வீட்டுல அடங்கும், பெரிய வீட்டுச் சாமான் குட்டி வீட்டுல அடங்காது இல்லையா?

2017-ல ஆப்பிள் ஒரு குறுக்கு வழி கண்டுபிடிச்சாங்க. கம்ப்யூட்டர்ல இருக்கற லாஜிக் பாட்டு மொத்தமும் ஒரே ட்ராக்கா உருட்டி ஐபேட் காரேஜ்பேண்டுக்குப் போகும். அதுமேல புதுசா நீங்க வாசிச்சது மட்டும் தனித்தனி ட்ராக்காத் திரும்பி வரும். 2023 மே மாசம் லாஜிக் ப்ரோவே ஐபேடுக்கு வந்தப்புறம்தான் முழுப் பாட்டும் போயிட்டு வர வழி பிறந்துச்சு. அப்பவும் கம்ப்யூட்டர்ல போட்ட ப்ளகின் ஐபேட்ல இல்லைன்னா, அந்த ட்ராக்கை உறைய வச்சுத்தான் அனுப்பணும். அதே வருஷம் பிட்விக்கும் ப்ரீசோனஸும் சேர்ந்து டாப்ராஜெக்ட்னு ஒரு திறந்த வடிவம் கொண்டு வந்தாங்க. அதுலயும் ப்ளகின் செட்டிங் போகும், ப்ளகின் போகாது.

ஆக, இந்த 40 வருஷத்துல எதைப் பெட்டியில போட்டாலும் பத்திரமா வந்து சேர்ந்தது ரெண்டே ரெண்டுதான். ஸ்வரத்துக்கு மிடி, சாரீரத்துக்கு 1991-ல வந்த வேவ். மத்ததெல்லாம் கம்பெனி இருக்கற வரைக்கும்.

சரி, அம்மா பாட்டு என்ன ஆச்சுன்னு கேக்கறீங்களா? பழைய ஹார்ட் டிஸ்க்கை மூணு நாள் துழாவினேன். எப்பவோ புத்தி வந்து ரெண்டு கோப்பை கம்ப்யூட்டருக்கு அனுப்பியிருக்கேன். ஒண்ணு மிடி. திறந்தா என் புல்லாங்குழல் பியானோவா மாறி டொய்ங் டொய்ங்னு வாசிக்குது :-) இன்னொண்ணு அம்மா குரல் மட்டும், வேவ் கோப்பு. நடுவுல ஒரு இருமல், பின்னாடி மின்விசிறி சத்தம். அப்படியே இருக்கு. தம்புராவும் குழலும் இன்னொரு தடவை போட்டுக்கலாம். இருமலை எங்க போய் வாங்கறது?

டிஸ்கி: பாட்டு பண்றவங்க ஒவ்வொண்ணு முடிஞ்சதும் ப்ராஜெக்ட் கோப்போட நிறுத்திக்காதீங்க. ஒரு மிடி, கூடவே எல்லா ட்ராக்கையும் பாட்டு தொடங்கற அதே புள்ளியிலேர்ந்து தனித்தனி வேவா எடுத்து வைங்க. பத்து நிமிஷ வேலை. நான் மூணு நாள் தேடினேன், அதான் சொல்றேன்.