தலமரமும் நிழல்மரமும்

கல்லாலின் நிழலில் இறைவன் எழுந்தருளி முனிவர் நால்வர்க்கு மெய்ப்பொருளை உணர்த்தியருளினான் என்பது சைவருலகு அறிந்ததே. ஆகலின் நிழல்மரம் நடுதலை வெறும் அலங்காரமெனக் கருதுதல் நமக்கு ஒவ்வாது. எவ்விடத்து எம்மரம் தகும் என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

இதற்குத் தலமரங்களே விடை பகரும். சிதம்பரத்துக்குப் பெயர் தந்த தில்லை, கடலோர உவர்ச்சேற்றில் வளர்வது. இன்று பிச்சாவரத்துக் கழிகளிற் செறிந்து நிற்கின்றது. அவ்வாறே மருதம் நீர்க்கரைக்கு உரியது. வடமொழியில் இதனை அர்ச்சுனம் என்ப. மல்லிகார்ச்சுனமாகிய சீசைலமும், மத்தியார்ச்சுனமாகிய திருவிடைமருதூரும், புடார்ச்சுனமாகிய திருப்புடைமருதூரும் முறையே கிருட்டிணை, காவிரி, பொருநை என்னும் ஆறுகளைச் சார்ந்திருத்தல் காண்க. மண்ணறிந்து மரம் போற்றுதல் இவற்றால் விளங்கும்.

சதுரகிரி அடிவாரத்து வத்திராயிருப்பை நோக்குவோம். மலையோடைகள் கூடி இங்கு ஓடும் ஆற்றின் பெயரும் அர்ச்சுனா நதியே. மலைமேல் விளங்கும் சந்தன மகாலிங்கர் திருப்பெயரும் மரப்பெயர் தாங்கியது. இம்மலைச்சாரலில் 1988ஆம் ஆண்டு சாம்பல்நிற மலையணிலுக்கென ஒரு காப்பகம் அமைக்கப்பட்டது. மரக்கவிகை விட்டு மரக்கவிகை தாவி வாழும் அவ்வுயிர்க்கு ஓடைக்கரை மரங்களின் தொடர்ச்சியே வழியும் வாழ்வுமாம். இடையறின் அதற்குப் போக்கில்லை.

சாலைக்கு நிழல் தருதலும் பழைய அறமே. அசோகன் கி.மு. 3ஆம் நூற்றாண்டிலேயே மக்களுக்கும் விலங்குகளுக்கும் நிழலாகச் சாலையோரம் ஆல் நட்டதைக் கல்வெட்டிற் பொறித்தான். 1689 முதல் 1706 வரை மதுரையை ஆண்ட இராணி மங்கம்மாளும் சாலை அமைத்து மரம் வளர்த்தனள்.

இக்காலத்தோ, சாலை அகலுந்தோறும் முதுமரங்கள் வீழ்கின்றன. அவற்றினிடத்து, விரைந்து வளர்வதும் கண்ணைக் கவர்வதுமே கருதி அயல்மரங்கள் நடப்படுகின்றன. மடகாசுக்கரினின்று வந்த செம்மயிற்கொன்றை பூவால் அழகியது. ஆயினும் அதன் கிளை பெருங்காற்றில் எளிதில் முறியும். அயல்மரம் மட்டுமே குறையுடையது என்றல் நடுநிலையன்று. இறைவன் சூடும் நம் கொன்றையும் பூக்குங்காலத்து இலையுதிர்க்கும். வெயில் கொடிய அந்நாளில் அதனடியில் நிழல் அரிது. எனவே கொன்றையும் வில்வமும் நந்தவனத்துக்கு ஆகுக. சாலைக்கு வேம்பும் புங்கும் புளியும், ஓடைக்கரைக்கு மருதும் நாவலும், அகன்ற வெளிக்கு ஆலும் இலுப்பையும் தகும். இலுப்பை நிழலோடு திருவிளக்குக்கு எண்ணெயும் தரும். ஆலையும் அரசையும் திருமதிலருகே வைத்தலாகாது. வேர் கல்லைப் பிளக்கும்.

நட்டவர் பலர் அந்நிழலில் அமரும் நாளைக் காணார். பயன் கருதாத இத்தொண்டு சரியையின்பாற்படும். சதுரகிரிக்கு அமாவாசைதோறும் நடந்து செல்லும் அடியார், தத்தம் ஊர் மண்ணுக்கு ஏற்ற ஒரு மரமேனும் நட்டு நீர்வார்த்துக் காப்பாராக.

திருச்சிற்றம்பலம்.