எதை வாசிப்பது என்று யார் முடிவு செய்வது? கல்கத்தா, 1838–1843

மாதம் ஒருமுறை கூடும் வாசகர் வட்டங்கள் பலவற்றில் இன்று ஒரு வழக்கம் உண்டு. அடுத்த கூட்டத்துக்குரிய நூலை உறுப்பினர்களே முறைவைத்துத் தேர்ந்தெடுப்பர். மிகச் சாதாரணமாகத் தோன்றும் இந்த உரிமையின் பொருட்டு, 1843-இல் கல்கத்தாவில் ஒரு வெளிப்படையான மோதலே நிகழ்ந்தது.

அதன் வேர் இந்துக் கல்லூரியில் இருந்தது. 1817-இல் தொடங்கப்பட்ட அக்கல்லூரியில் ஆசிரியராக இருந்த இளம் கவிஞர் ஹென்றி டெரோசியோவைச் சுற்றி, 1828 அளவில் ஒரு விவாத அவை உருவாயிற்று. பாடத்திட்டத்துக்கு வெளியே மாணவர்கள் எதைத் தேடி வாசித்தனர் என்பதற்கு மதப் பரப்புநர் அலெக்சாண்டர் டஃப் ஒரு சான்று தருகிறார். தாமஸ் பெய்னின் ‘பகுத்தறிவின் காலம்’ கப்பலில் வந்திறங்கியபோது ஒரு ரூபாய்க்கு விற்றதாகவும், மாணவர்கள் போட்டியிட்டு வாங்கியதால் விலை ஐந்து ரூபாய் வரை ஏறியதாகவும் அவர் எழுதினார். அந்நூலை அவர்களுக்கு எந்தக் கல்லூரியும் பரிந்துரைக்கவில்லை.

1831-இல் டெரோசியோ பணியிலிருந்து விலக நேர்ந்தது. அவ்வாண்டு இறுதியிலேயே காலரா அவரைப் பலிகொண்டது, வயது 22. ஆயினும் அந்த வட்டம் கலைந்துவிடவில்லை. கல்லூரியை விட்டு வெளியேறிய பின் கல்வி நின்றுவிடுகிறதே என்ற கவலையுடன், 1838-இல் ஐவர் கையெழுத்திட்டு ஓர் அழைப்பு விடுத்தனர். பொது அறிவு ஈட்டும் சங்கம் அதன் விளைவாகப் பிறந்தது. தாராசந்த் சக்கரவர்த்தி தலைவர்; ராமதனு லாஹிரியும் பியாரி சந்த் மித்ராவும் செயலாளர்கள்.

இன்றைய வாசகர் வட்டம் போல, எல்லோரும் ஒரே நூலை வாசித்துவரும் ஏற்பாடு அங்கில்லை. உறுப்பினர் ஒருவர் தமக்கு விருப்பமான பொருளைத் தேர்ந்து, அதற்கென வாசித்து, எழுதிவந்ததை மாதக் கூட்டத்தில் படிப்பார், மற்றவர்கள் விவாதிப்பர். பேச ஒப்புக்கொண்டவர் தக்க காரணமின்றி வராவிட்டால் அபராதம். விருப்பத்துடன் பொறுப்பையும் பிணைத்த இவ்விதியே கூட்டங்கள் தொடர்ந்து நடக்கத் துணைநின்றது எனலாம்.

தேர்ந்த பொருள்களின் வீச்சு வியப்பளிப்பது. கிருஷ்ண மோகன் பானர்ஜி வரலாற்றுக் கல்வியின் தன்மையையும் தேவையையும் பற்றிப் படித்தார். மகேஷ் சந்திர தேவ் 1839-இல் இந்துப் பெண்களின் நிலையை எடுத்துக்கொண்டார். வங்க மாவட்டங்களின் நிலவியல் விவரங்களும் உடற்கூறும்கூட இடம்பெற்றன. நூல் தேடுவோருக்கு 1836-இல் திறக்கப்பட்ட கல்கத்தா பொது நூலகம் இருந்தது. பியாரி சந்த் அங்கேயே பணிபுரிந்தார். முந்நூறு ரூபாய் செலுத்தியோர் அதன் உரிமையாளர்களாகக் கருதப்பட்டனர். ஏழை மாணவர்கள் சில காலம் கட்டணமின்றிப் பயன்படுத்தவும் இடமளிக்கப்பட்டது.

1843 பிப்ரவரி 8 அன்று தக்ஷிணாரஞ்சன் முகர்ஜி தேர்ந்துவந்த பொருள், கிழக்கிந்தியக் கம்பெனியின் குற்றவியல் நீதிமன்றங்களும் காவல்துறையும். கூட்டம் நடந்தது சமஸ்கிருதக் கல்லூரியின் மண்டபத்தில். பார்வையாளராக அமர்ந்திருந்த இந்துக் கல்லூரி முதல்வர் டி. எல். ரிச்சர்ட்சன் இடைமறித்தார், கல்லூரியை இராஜத்துரோகக் கூடாரமாக்க இடமளிக்க முடியாது என்றார். ஷேக்ஸ்பியரை வாசித்துக் காட்டுவதில் பெயர்பெற்ற ஆசிரியர் அவர். அங்கிருந்தோரில் பலர் அவருடைய கல்லூரியில் பயின்றவர்கள்.

தலைமையேற்றிருந்த தாராசந்த் தயங்கவில்லை. முதல்வரின் செயல் சங்கத்துக்கு இழைக்கப்பட்ட அவமதிப்பு என்றார். சொன்னதைத் திரும்பப் பெறாவிடில் கல்லூரிக் குழுவிடமும், தேவையெனில் அரசிடமும் முறையிடுவோம் என அறிவித்தார். ஆசிரியர் பாடம் வகுக்கலாம்; மண்டபத்தை மறுக்கவும் வழி உண்டு; ஆனால் சங்கத்தில் எது வாசிக்கப்பட வேண்டும் என்பதைச் சங்கமே தீர்மானிக்கும் என்பதே அந்நிலைப்பாட்டின் சாரம்.

சங்கம் அம்மண்டபத்தை விட்டு வெளியேறியது. ஆங்கிலப் பத்திரிகைகள் இவர்களைச் ‘சக்கரவர்த்தி கட்சி’ என்று எள்ளி நகையாடின. அவ்வாண்டு ஏப்ரல் 20 அன்று, ஜார்ஜ் தாம்சனைத் தலைவராகக் கொண்டு வங்காள பிரிட்டிஷ் இந்தியச் சங்கம் என்ற அரசியல் அமைப்பு தோன்றியபோது, செயலாளராக அமர்ந்தவர் பியாரி சந்த். வாசிப்பு அவையிலிருந்து அரசியல் மேடைக்கு இருந்த தொலைவு சில வாரங்களே.

எனினும் அச்சங்கத்தின் எல்லை குறுகியது. பெண்களின் நிலை விவாதிக்கப்பட்ட அவையில் பெண்கள் இல்லை. ஆங்கிலக் கல்வி பெற்ற ஆண்களே பொருளைத் தேர்ந்தனர். இக்குறையை ஓரளவு ஈடுசெய்ய முனைந்தவரும் பியாரி சந்த்தான். எவரெஸ்ட் சிகரத்தின் உயரத்தைக் கணித்த ராதாநாத் சிக்தருடன் சேர்ந்து, 1854-இல் பெண்களும் எளிதாக வாசிக்கத்தக்க பேச்சு வங்காளத்தில் ‘மாசிக் பத்ரிகா’ இதழைத் தொடங்கினார்.

ஆகவே ஒரு வாசகர் வட்டத்தை மதிப்பிடுகையில், எத்தனை நூல்கள் வாசிக்கப்பட்டன என்பதோடு வேறு இரண்டையும் கேட்க வேண்டியிருக்கிறது: நூலைத் தேர்ந்தவர் யார்? தேர்வில் பங்குபெற அழைக்கப்படாதவர் யார்? 1843-இன் கல்கத்தா முதல் கேள்விக்குத் துணிவுடன் விடையளித்தது. இரண்டாவது கேள்வியை அது பின்னால் வந்தவர்களுக்கு விட்டுச்சென்றது.