இருபத்தெட்டாம் நாள்

ஆலங்குளத்தில் எங்கள் தெருவில் பாதிப் பேர் சிமெண்ட் ஆலையை நம்பி இருந்தார்கள், மீதிப் பேர் தீப்பெட்டி ஆபீஸை. அக்கா தீப்பெட்டிக்குப் போனவள். மூன்றாம் மாதம்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். கொடுத்த சத்து மாத்திரையை ஒருநாள் விடாமல் சாப்பிட்டாள். பிள்ளை முதுகுத்தண்டு மூடாமல் பிறந்து, ஒன்பது நாள் இருந்தது. "நான் என்னத்தடா சாப்பிடாம விட்டேன்?" என்றாள்.

அந்த மாத்திரையின் கதையில் நம் மலையும் உண்டு. 1928இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாய் வந்தார், பஞ்சாலைக் கர்ப்பிணிகளை வாட்டிய ரத்தசோகைக்குக் காரணம் தேடி. மறுவருடம் குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும் ஆய்வு செய்தார். காரணம் கிருமியல்ல, சாப்பாடு. மார்மைட் என்ற மலிவான ஈஸ்ட் பசையைக் கொடுத்தார், தேறினார்கள். 1931இல் அதை எழுதினார். அதிலிருந்த சத்துதான் 1941இல் பசலைக்கீரையிலிருந்து பிரிக்கப்பட்ட ஃபோலிக் அமிலம்.

ரத்தத்துக்கான மருந்து முதுகுத்தண்டையும் காக்கும் என்று உறுதியாக 1991 ஆனது. முன்பு இப்படிப் பிள்ளை பெற்ற பெண்கள் கருத்தரிக்கும் முன்பிருந்தே சாப்பிட்டபோது, குறைபாடு 72 சதவீதம் குறைந்தது.

முன்பிருந்தே. விஷயம் அதில்தான் இருக்கிறது. கருவின் நரம்புத் தகடு சுருண்டு குழாயாகி 28ஆம் நாளுக்குள் மூடிவிடும். நாள் தள்ளிப்போனது தெரிவதே ஏறக்குறைய அப்போதுதான். எல்லாக் குறையும் ஃபோலிக் அமிலம் போதாததால் வருவதில்லை, சரி. ஆனால் அக்கா முதல் மாத்திரையை முழுங்கியபோது அந்த வேலை முடிந்து வாரக்கணக்காகியிருந்தது.

அவளிடம் சொன்னேன். ரொம்ப நேரம் பேசவில்லை.

இப்போது அவள் மகள் ஒன்பதாவது படிக்கிறாள். பள்ளியில் வாராவாரம் கொடுக்கிற மாத்திரையை முழுங்கினாயா, பையில் போட்டுக்கொண்டு வந்தாயா என்று வாசலிலேயே விசாரணை நடக்கும்.